ஊரைக் கேட்டுக் கட்டுவோம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்தில் தரும்போது பேச்சு நடையை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.)

 

‘இந்த வருஷம் நீ பேசணும்ப்பா’ என்று செயலாளர் போனில் சொன்னபோது, ‘என்ன தலைப்பு சார்?’ என்று கேட்டேன். ‘நீ சிவில்தானே? பசங்களுக்குப் பயன்படற மாதிரி ஏதாவது பேசு. ஆனா இருபது நிமிஷம்தான். அதுக்கு மேல போனா சாப்பாடு ஆறிடும்’ என்றார். ஆகவே சாப்பாடு ஆறுவதற்குள் முடித்துவிடுவேன் என்று முதலிலேயே உறுதி கூறிவிடுகிறேன்.

நான் பெரிய பாலங்களோ அணைகளோ கட்டியவன் அல்ல. 2009-இல் இங்கிருந்து வெளியே போனேன். நாலரை வருஷம் சென்னையில் அடுக்குமாடிக் கட்டுமானத்தில் வேலை. பிறகு ஊர்ப்பக்கமே திரும்பி வந்து, சின்னதாக ஓர் அலுவலகம் போட்டு, வீடு, கடை, மனைப்பிரிவு என்று பிளான் போட்டுக் கொடுத்து, மேற்பார்வை பார்த்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். எனவே எனக்குத் தெரிந்த சின்ன விஷயத்தைத்தான் பேசப் போகிறேன். ஒரு கிராமத்தில் பத்துக் கடையும் நாற்பது வீடும் வரப் போகிறது என்றால், அதைத் திட்டமிடுவதில் அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன பங்கு? இவ்வளவுதான் விஷயம்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்கள் முன்னால் தவறை ஒப்புக்கொள்வது நமக்குப் பழக்கம்தானே!

2014-ஆம் ஆண்டு. ஊர்ப் பெயர் வேண்டாம். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வாரம் ஒரு நாள் சந்தை கூடும் ஊர். ரோட்டோரம் சாக்கு விரித்து, தராசு வைத்து வியாபாரம். சந்தையை ஒழுங்குபடுத்தி ஷட்டர் போட்ட கடைகள் கட்டுவது, பின்னால் காலியாகக் கிடந்த நிலத்தில் வீடுகள் கட்டுவது என்று திட்டம். பிளான் போடும் வேலை என்னிடம் வந்தது. புதிதாக அலுவலகம் திறந்த நேரம். பதினோரு நாளில் முடித்துக் கொடுத்தேன். ரோட்டைப் பார்த்து ஒரே வரிசையில் 18 கடை, ஒவ்வொன்றும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. பின்னால் வரிசையாக 30 வீடு. அளவு சுத்தம், கோடு சுத்தம்.

ஊர்க்காரர்களைக் கேட்காமல் இல்லை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கூட்டம் போட்டு, சுவரில் புரொஜெக்டர் வைத்துக் காட்டினேன். கலர் கலராகப் படம். கடை முன்னால் கார் நிற்கிறது, நம் ஊரில் முளைக்காத மரமெல்லாம் நிற்கிறது. ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ‘ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்க’ என்றேன். யாரும் பேசவில்லை. கடைசியில் பின்னாலிருந்து ஓர் ஆயா எழுந்தார். கீரையும் முருங்கைக்காயும் விற்பவர்.

‘தம்பி, இந்தப் படத்துல நான் எங்க குந்தறது?’

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். ‘பின்னாடி ஓர் இடம் ஒதுக்கிடலாம் ஆயா’ என்றேன். உண்மையில் என் படத்தில் அப்படி ஓர் இடம் கிடையாது. வீட்டுக்குப் போன பிறகாவது சேர்த்தேனா என்றால், அதுவும் இல்லை.

கட்டி முடித்து இரண்டு வருஷம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். 18 கடையில் 11 பூட்டிக் கிடந்தன. ஒன்றில் வைக்கோல், ஒன்றில் பழைய சென்ட்ரிங் பலகை. சந்தை எங்கே என்று பார்த்தால், பழையபடி ரோட்டோரத்தில், என் ஷட்டர்களுக்கு முன்னால் நடக்கிறது! காரணம் கேட்டால் ஒவ்வொன்றும் சின்னப் பிள்ளைக்குப் புரியும். வாரம் ஒரு நாள் கீரை விற்பவர் மாத வாடகையும் அட்வான்ஸும் எங்கிருந்து கொடுப்பார்? கடைக்கு ஏற மூன்றடிப் படி. கூடையைத் தூக்கிக்கொண்டு யார் ஏறுவது? கடை மேற்குப் பார்த்தது. வியாபாரம் சூடு பிடிக்கிற பிற்பகலில் வெயில் நேராக உள்ளே அடிக்கும். வீடுகளும் அப்படித்தான். ஆடு கட்ட இடமில்லை, விறகடுப்பு வைக்க இடமில்லை. நான் விதிப்படி விட்டிருந்த பக்கவெளியில் எல்லாரும் கீற்றுக் கொட்டகை போட்டுவிட்டார்கள். அதை அலுவலகக் காகிதத்தில் ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதியிருந்தார்கள். ஆக்கிரமித்தது அவர்களா, நானா?

நண்பர்களே, அந்தக் கட்டடத்தில் ஒரு விரிசல் கிடையாது. கியூப் டெஸ்ட் எல்லாம் பாஸ். ஃபெயில் ஆனது நான்தான்.

அந்த ஆயா அன்றைக்கும் அங்கே இருந்தார். என்னை அடையாளம் கண்டு, ‘படம் காட்டின தம்பிதானே நீ?’ என்று கேட்டு, ஒரு கட்டு அரைக்கீரை எடுத்து நீட்டினார். காசு கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு திட்டுத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நம்மைவிடப் பெரியவர்களும் இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல், நிறையப் பயம்.

எகிப்து நாட்டில் ஹசன் ஃபாத்தி என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் இருந்தார். லக்ஸர் நகருக்கு எதிர்க்கரையில், பழங்காலக் கல்லறைகளின் மேலேயே வீடு கட்டி வாழ்ந்த கூர்னா கிராமத்து மக்களை வேறு இடத்துக்கு மாற்ற அரசு முடிவு செய்தது. ஏறக்குறைய ஏழாயிரம் பேர். 1945-இல் புதுக் கூர்னாவைக் கட்டும் பொறுப்பு ஃபாத்தியிடம் வந்தது. சிமெண்டும் இரும்பும் வேண்டாம் என்று, உள்ளூர் மண்ணிலேயே செங்கல் அறுத்து, நூபியாவிலிருந்து கொத்தனார்களை வரவழைத்து, வீடு, பள்ளி, மசூதி, சந்தை, நாடக அரங்கு எல்லாம் திட்டமிட்டார். அழகில் குறையில்லை, செலவும் குறைவு. ஆனால் கூர்னா மக்களில் பெரும்பாலோர் குடிபோக மறுத்துவிட்டார்கள். அவர்கள் பிழைப்பு பழைய இடத்தில், அந்தக் கல்லறைகளையும் அவற்றைப் பார்க்க வருகிற பயணிகளையும் சுற்றி இருந்தது. 1948-இல் வேலை பாதியில் நின்றது. ஃபாத்தி தாமே இந்தக் கதையை ஒளிவுமறைவில்லாமல் புத்தகமாக எழுதினார். வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவர் காட்டிய அக்கறைக்கு அளவே இல்லை. ஆனால் ‘இடம் மாற உங்களுக்குச் சம்மதமா?’ என்ற கேள்வி அவர் வருவதற்கு முன்பே மேலிடத்தில் முடிந்துபோயிருந்தது. முதல் கேள்வியைக் கேட்காமல் பத்தாவது கேள்வியை எவ்வளவு அன்பாகக் கேட்டும் பலனில்லை.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-இல் ஒரு கட்டுரை எழுதினார். மக்கள் பங்கேற்பு என்று நாம் சொல்வதை எட்டுப் படி உள்ள ஏணியாக அவர் பிரித்தார். அடிப்படிகளில் இருப்பது ஏமாற்று; ஜனங்களைத் தலையாட்ட வைப்பது. நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானம் செய்வது. மேல் மூன்று படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் உண்மையில் மக்கள் கைக்கு வருகிறது. கருத்துக் கேட்பதோடு நின்றால் அது பாதி வழி என்பது அவர் வாதம். அந்த ஏணியில் என் 2014 புரொஜெக்டர் கூட்டத்தை வைத்துப் பார்த்தேன். முதல் படியைத் தாண்டவில்லை.

அப்படியானால் என்ன முடிவை மக்களிடம் விட வேண்டும்? இங்கே நம்மவர்கள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள். ‘ஊர்க்காரனுக்கு என்ன சார் தெரியும்? பீமுக்குக் கம்பி எத்தனை எம்.எம். என்று அவனைக் கேட்டுப் போட முடியுமா?’ முடியாதுதான், யாரும் அதைக் கேட்கவில்லை. அது நம் வேலை, அதற்குத்தான் இந்தக் கல்லூரி நமக்குப் பட்டம் கொடுத்தது. ஆனால் எந்த இடத்தில், எவ்வளவு பணத்தில், யாருக்காக என்ற மூன்றும் கம்பிக் கணக்கு அல்ல. அவை அந்த ஊரின் வாழ்க்கைக் கணக்கு. அந்த மூன்றையும் நாம் முடிவு செய்துவிட்டு, ஜன்னலுக்கு என்ன கலர் வேண்டும் என்று மட்டும் அவர்களைக் கேட்கிறோம். தப்பு இதில்தான் இருக்கிறது.

பணத்தை ஒளிக்காமல் பேசினால் என்ன ஆகும் என்பதற்குச் சிலி நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. இக்கிக்கே என்ற கடற்கரை நகரத்தின் நடுவே அரை ஹெக்டேர் நிலத்தில் ஏறக்குறைய நூறு குடும்பங்கள் முப்பது வருஷமாகக் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். நகரம்தான் என்றாலும் அளவில் நம்மூர்ச் சின்னக் கிராமம் மாதிரி. அரசு தந்தது குடும்பத்துக்கு 7,500 டாலர். நிலம், குழாய், வீடு எல்லாம் அதற்குள். 2003 வாக்கில் அலெஹாந்த்ரோ அரவேனா என்ற கட்டடக் கலைஞரின் குழு அந்த மக்களோடு உட்கார்ந்து கணக்கைத் திறந்து காட்டியது. ஊருக்கு வெளியே மலிவான நிலத்துக்குப் போனால் முழு வீடு. இங்கேயே இருந்தால் அடுக்குமாடி, அல்லது பாதி வீடு. அடுக்குமாடியை மக்கள் ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். பிழைப்பும் பள்ளிக்கூடமும் பக்கத்தில் இருந்ததால் அங்கேயே பாதி வீடு போதும் என்று தேர்ந்தெடுத்தார்கள். தனி ஆளால் கட்ட முடியாத பாதியை, அதாவது அடுக்களை, குளியலறை, மாடிப்படி, முக்கியச் சுவர்களை, பொறியாளர்கள் கட்டித் தந்தார்கள். மீதிப் பாதியைக் குடும்பங்களே தங்கள் வசதிப்படி கட்டிக்கொண்டன. அரவேனாவுக்கு 2016-இல் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? பூந்தமல்லி தாண்டினால் திருவள்ளூர் மாவட்டத்தில் குத்தம்பாக்கம். 1996-இல் அந்த ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளங்கோ நம்மைப்போல ஒரு பொறியாளர், கெமிக்கல் எஞ்சினியர். வேலையை விட்டு ஊருக்கு வந்தவர். 1997-இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் திட்டத்தில் 100 வீடுகள் அந்த ஊருக்கும் கிடைத்தன. குத்தம்பாக்கத்தில் அவற்றை இரட்டை வீடுகளாகக் கட்டினார்கள். ஒரு பக்கம் ஆதி திராவிடர் குடும்பம், மறுபக்கம் வேறு சமூகத்துக் குடும்பம், நடுவில் பொதுவாக ஒரே சுவர். உள்ளூர் மண்ணில் அழுத்திச் செய்த கற்கள். உள்ளூர் ஆட்களுக்கே வேலை. யாருக்கு வீடு, யார் பக்கத்தில் யார், கூலி யார் கைக்குப் போவது என்பதெல்லாம் ஊரிலேயே பேசி முடிவான விஷயங்கள். சிமெண்ட் கலவை விகிதத்தைவிடக் கடினமான கணக்கு இது!

இதையெல்லாம் படித்தபோதே, அடுத்த வாய்ப்பு வந்தால் தப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். 2022-இல் வாய்ப்பு வந்தது. வேறு ஊர், ஏறக்குறைய 600 குடும்பம். பஞ்சாயத்துக்குச் சொந்தமான சந்தைத் திடல் ஒன்று. அதை ஒட்டி ஊர்க்காரர் ஒருவருடைய ஐந்து ஏக்கர். திடலில் பஞ்சாயத்து கடைகள் கட்டும். அவர் தம் நிலத்தை வீட்டு மனைகளாகப் பிரிப்பார். இரண்டையும் சேர்த்தே திட்டமிட என்னைக் கூப்பிட்டார்கள். தலைவர் ஓர் அம்மா. ‘எப்ப சார் படம் கொண்டு வருவீங்க?’ என்று கேட்டார். ‘இப்ப கொண்டு வர மாட்டேம்மா. முதல்ல ஒரு சந்தை நாள் முழுக்க இங்க உட்கார்ந்து பார்க்கணும்’ என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

விடியற்காலை நாலு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். ராத்திரி ஒன்பது வரை. 67 பேர் கடை போட்டார்கள், முக்கால்வாசி பெண்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் திடலின் கிழக்குப் பாதி காலி. எல்லாரும் நிழலைத் தேடி மேற்கே புளியமரத்தடிக்கு நகர்ந்துவிடுகிறார்கள். காலையிலிருந்து இரவு வரை அத்தனை பெண்களுக்கும் ஒரு கழிப்பறை கிடையாது. காலையில் தண்ணீரே குடிக்காமல் வருவதாக ஓர் அக்கா சொன்னார். எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த டிசைன் டேட்டா எனக்குக் கிடைத்திருக்காது.

பிறகு கூட்டம். முதல் கூட்டத்தை மாரியம்மன் கோயில் முன்னால் போட்டோம். அறுபது பேர் வந்தார்கள், நன்றாகப் பேசினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். முடிந்ததும் தலைவர் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, ‘காலனிக்காரங்க ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னாங்களே, கவனிச்சீங்களா? இங்க வச்சுக் கூப்பிட்டா அவங்க எப்படி சார் பேசுவாங்க?’ என்றார். நான் கவனிக்கவில்லை. வந்தவர்களை எண்ணினேனே தவிர வராதவர்களை எண்ணவில்லை. அதன் பிறகு கூட்டத்தை நாலாகப் பிரித்தோம். காலனிப் பள்ளிக்கூடத்தில் ஒன்று, நூறு நாள் வேலை நடந்த ஏரிக்கரையில் பெண்களோடு ஒன்று, பால் சொசைட்டியில் காலை ஆறு மணிக்கு ஒன்று, இளைஞர்களோடு ஒன்று. நாலு இடத்திலும் ஒரே கேள்விகள்தான். பதில்கள்தான் வேறு வேறு.

எல்லாவற்றையும் வைத்து ஒரு முதல் படம் போட்டேன். இந்த முறை சுவரில் காட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூள் போட்டு, கடையையும் வீட்டையும் தெருவையும் முழு அளவில் தரையிலேயே வரைந்தோம். ‘உள்ள வந்து பாருங்க’ என்றோம். படத்தைப் பார்த்தால் பேசாத ஜனங்கள் தரையில் நின்றதும் எப்படிப் பேசினார்கள் தெரியுமா! ஓர் அக்கா வீட்டிலிருந்து கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்து படுக்கையறைக் கோட்டுக்குள் போட்டார். கட்டில் போட்டால் கதவு திறக்க இடமில்லை! காய்கறி ஏற்றி வரும் டெம்போக்காரர் ஒருவர் வண்டியை உள்ளே விட்டுத் திருப்பிக் காட்டி, ‘மூணு கடையை இடிச்சிட்டேன் சார்’ என்றார். தரையைப் பார்த்தேன். மூன்று கடையின் சுண்ணாம்புக் கோட்டின்மேல் டயர் தடம். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு 2014-இல் ஆயாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அல்ல.

இனி சிரிக்க முடியாத பகுதிக்கு வருகிறேன். இரண்டு இடத்தில் தகராறு வந்தது.

ஒன்று, ரோட்டை ஒட்டிய ஒரு மூலை. நல்ல விலைக்குப் போகிற மனைகள் அங்கேதான் விழுந்தன. ஒரு பெரியவர், ‘2015 மழையில அந்த மூலையில இடுப்பளவு தண்ணி நின்னுச்சு. ஏரி கலங்கல் போனா அந்த வழியாத்தான் தண்ணி இறங்கும்’ என்றார். நான் லெவல் எடுத்திருந்தேன், பள்ளம் தெரிந்தது. ஆனால் மண் அடித்து உயர்த்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். உயர்த்தினால் தண்ணீர் எங்கே போகும்? காலனிக்குள்! மனைப்பிரிவில் விதிப்படி சாலை போக மீதி நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்க வேண்டும் அல்லவா? வழக்கமாக நாம் அதை மிச்சம் மீதி விழுகிற பின்மூலையில் காட்டுவோம். அதை இந்த முன்மூலைக்கு மாற்றினேன். நிலக்காரருக்கு என்மேல் நல்ல கோபம். ஆனாலும் தண்ணீர் நின்றதை அவரும் பார்த்தவர்தானே, ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. காலனிக் கூட்டத்தில் ஓர் இளைஞர், டிகிரி படித்தவர், சுண்ணாம்புக் கோட்டைக் காட்டி, ‘சார், உங்க படத்துல நாலு பக்கமும் ரோடு வருது, எங்க தெருப் பக்கம் மட்டும் ஏன் சார் வரல?’ என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் கை தானாக அப்படித்தான் போட்டிருக்கிறது. நிலக்காரரிடம் போனேன். ‘அந்தப் பக்கம் வழி விட்டா மனை போகாது. சுவர் எடுத்துடுங்க’ என்றார். இரண்டு மாதம் வேலை நின்றது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். வேறு எஞ்சினியரைப் பார்த்துக்கொள்வோம் என்றும் பேச்சு வந்தது. அந்த மாதம் அலுவலக வாடகைக்கே எனக்குச் சிரமம். வீட்டில், ‘உங்களுக்கு ஏன் இந்த வம்பு?’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மறுபடியும் ஒரு முறை, இல்லாத இடத்தை ‘ஒதுக்கிடலாம்’ என்று சொல்லிவிட்டு வர எனக்கு மனசில்லை. அந்தத் தெருவுக்கு வழியில்லாத படத்தில் என் கையெழுத்து வராது என்று சொல்லிவிட்டேன்.

என் கையெழுத்துக்கு அவ்வளவு பலம் இல்லை என்பது எனக்கே தெரியும். பலம் வேறு இடத்திலிருந்து வந்தது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் தலைவர் அம்மா அந்தச் சாலையைத் தீர்மானமாகக் கொண்டு வந்தார். காலனியிலிருந்து வழக்கத்தைவிட மூன்று மடங்கு பேர் வந்திருந்தார்கள். சந்தையில் கடை போடும் பெண்கள் வந்திருந்தார்கள். அந்தச் சாலை வந்தால் காலனி ஜனங்கள் சுற்றாமல் சந்தைக்கு வருவார்கள், வியாபாரம் கூடும் என்று அவர்களுக்குக் கணக்குத் தெரியும். தீர்மானம் நிறைவேறியது. நிலக்காரரும் இறங்கி வந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்தப் பக்கத்து மனைகள் விற்க மற்றவற்றைவிட ஒரு வருஷம் கூடுதலாக ஆயிற்று. அவர் பயந்ததில் ஒரு பாதி நடந்தது. சாலை இன்று இருக்கிறது.

கடைசியில் கட்டியது என்ன? 20 ஷட்டர் கடை என்று ஆரம்பித்தது 9 ஆகக் குறைந்தது. அதற்குப் பதில் ஷீட் கூரைக்குக் கீழே ஐந்துக்கு நாலடியில் 64 மேடை, ஒன்றரை அடி உயரம். அட்வான்ஸ் கிடையாது, சந்தை நாளுக்கு மட்டும் கட்டணம். தண்ணீரும் விளக்கும் உள்ள பெண்கள் கழிப்பறை. டெம்போ திரும்ப இடம். திடலை ஒட்டிய 12 மனைகளில், முன்னறையைத் திறந்தால் கடையாகும்படி வீட்டு மாதிரி. புளியமரம் அப்படியே நிற்கிறது.

முழு வெற்றி என்று மார்தட்ட மாட்டேன். 9 கடைகளையும் பொது ஏலத்தில் விட்டபோது, நாலு கடையை ஒரே ஆள் வேறு வேறு பெயர்களில் எடுத்துவிட்டார். கட்டுவதைப் பற்றி அவ்வளவு பேசிய நாங்கள், யார் கைக்குப் போகும், ஏல நிபந்தனை என்ன என்பதை முன்கூட்டியே ஊரில் பேசவில்லை. அடுத்த முறை அதையும் முதல் கூட்டத்திலேயே பேச வேண்டும். திட்டம் ஐந்து மாதம் தாமதமானது. எனக்குக் கிடைத்த கட்டணம் மட்டும் அதேதான்!

தம்பி தங்கைகளே, இது ஏதோ நம் பெருந்தன்மையால் செய்கிற தர்மம் என்று நினைத்துவிடாதீர்கள். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று நாலு நாளாக இருந்த கிராம சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆறாகியிருக்கிறது. உங்கள் ஊரில் நீங்களும் அதில் உறுப்பினர். எத்தனை பேர் போயிருக்கிறீர்கள் என்று கை தூக்கச் சொல்லிச் சங்கடப்படுத்த மாட்டேன். நானே முதன்முதலாகப் போனது முப்பது வயதுக்கு மேல்தான்.

நாளைக்கு இந்த வேலைக்கு வரப் போகிறவர்களுக்கு நாலே வார்த்தை. ஒன்று, படம் போடுவதற்கு முன்னால் ஊருக்குப் போங்கள். படத்தோடு போனால் ஜனங்கள் தலையாட்டுவார்கள், பேச மாட்டார்கள். இரண்டு, கூட்டத்துக்கு யார் வரவில்லை என்று எண்ணுங்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். மூன்று, பணக் கணக்கை மறைக்காதீர்கள். இது கிடைத்தால் அது கிடைக்காது என்று தெரிந்தால் ஜனங்கள் நம்மைவிடப் பொறுப்பாக முடிவெடுப்பார்கள். நாலு, கட்டி முடித்து ஒரு வருஷம் கழித்துத் திரும்பிப் போய்ப் பாருங்கள். கீரைக்கட்டு கொடுத்தாலும் திட்டினாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிராயிங் ஹாலில் எலிவேஷன் வரையும்போது பக்கத்தில் ஒரு மனிதனை வரைவோம், ஞாபகம் இருக்கிறதா? கட்டடம் எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காக. முகம் இருக்காது, பெயர் இருக்காது. அந்த மனிதனுக்கு ஒரு வாய் உண்டு, அவன் ஒரு கேள்வி கேட்பான் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பட்டம் வாங்கி ஐந்து வருஷம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

முடிப்பதற்கு முன் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சர்வே கேம்ப் போகிறோம். அதில் ஒரே ஒரு நாளைப் பக்கத்து ஊர்ச் சந்தையில் செலவிட ஏற்பாடு செய்யுங்கள். தியோடலைட் வேண்டாம், டோட்டல் ஸ்டேஷன் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். விடியற்காலை நாலு மணிக்கு மாணவர்களை எழுப்பும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். விடுதியில் இருந்த காலத்தில் நான் எத்தனை மணிக்கு எழுந்தேன் என்பதை என் அறைத் தோழர்கள் இங்கே சொல்லிவிடக் கூடாது!

 சாப்பாடு இன்னும் ஆறியிருக்காது என்று நம்புகிறேன்.